கயிறு மாறிய பிறகு

மார்கழி மாதத்து விடியற்காலை. பால்காரனுடைய மணிக்கு முன்னால் டெலிபோன் மணி அடித்தது. அந்த வேளையில் மணி அடித்தால் வயிறு கலங்குவது என் தலைமுறைக்காரர்களின் சுபாவம். நல்ல வேளை, விபரீதம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி ராஜ்யத்தில் இருக்கும் என் தங்கை மகன்தான் பேசினான். அவனுக்கு அப்போது முதல் நாள் சாயங்காலம்.

"மாமா, எழுப்பிவிட்டேனா?"

"எழுந்தாயிற்றுடா. குழந்தை சௌக்கியமா?"

நான்கு மாதத்துக் குழந்தை சௌக்கியம்தான். அந்தக் குழந்தையை உத்தேசித்தே ஒரு கார் வாங்கப் போகிறான். பெரும்பாலும் ஓட்டப் போகிறவள் அவன் மனைவி. புதுக் காருக்கு வசதி போதாது. ஐந்து வயதான கார் ஒன்று. 52,000 மைல் ஓடியது. 15,000 டாலருக்குப் பேசி முடித்திருந்தான். கையெழுத்துப் போடும் தறுவாயில் உள்ளறைக்கு அழைத்துப் போனார்களாம். அங்கே சிரித்த முகத்துடன் ஒருவர் இன்னொரு காகிதத்தை நீட்டியிருக்கிறார். மேற்கொண்டு 2,400 டாலர் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு எஞ்சின், கியர் பெட்டி முதலியவை பழுதானால் செலவு அவர்களுடையது. நீட்டித்த வாரண்டி என்று அதற்குப் பெயர். நாளை மாலைக்குள் சொல்லிவிட வேண்டும்.

"வாங்கட்டுமா, மாமா?"

நான் என் ஆயுளில் சொந்தமாக வாங்கிய வாகனம் சைக்கிள் ஒன்றுதான். அதைச் சொன்னேன். "நீங்கள்தான் சரித்திரமெல்லாம் படிக்கிறவர் ஆயிற்றே, இதற்கும் ஒரு சரித்திரம் இருக்குமே" என்றான். கேலியோ, உண்மையோ, தெரியவில்லை. ஆனால் அன்று பகல் முழுவதும் நான் அதைத்தான் படித்தேன். அரைகுறையாக எழுதி வைத்திருந்த அத்தியாயம் அப்படியே கிடந்தது.

பழைய கார் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே உள்ள சங்கடம் மோட்டாரோடு பிறந்ததல்ல. குதிரையோடு பிறந்தது, அதற்கும் முந்தியதாகக் கூட இருக்கலாம். நமக்குத் தெரிந்த குதிரைக் கதை ஒன்று உண்டல்லவா? பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டுவிட, இறைவனே குதிரை வியாபாரியாக வேஷம் போட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். அங்கே ஒரு சடங்கு நடக்கிறது, கயிறு மாறுதல். விற்பவன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்குப் போன பிறகு, குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் வியாபாரிக்குச் சம்பந்தமில்லை. அன்று இரவே பரிகள் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடுகின்றன. பாண்டியன் என்ன செய்ய முடியும்? வியாபாரியைத் தேட முடியவில்லை. மந்திரியைத்தான் வெயிலில் நிறுத்தினான்.

புராணம் போகட்டும், சரித்திரமே இதைவிட விசித்திரமாக இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வருஷந்தோறும் வந்து இறங்கும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப் போகின்றன என்று எழுதினார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இந்த நாட்டில் இல்லை. இருந்தால் தங்கள் வியாபாரம் குறையும் என்று அரபு வர்த்தகர்கள் வைத்தியர்களை இங்கே வரவிடுவதும் இல்லை என்பது அவர் சொல்லும் செய்தி. பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாப் தருவது இன்னும் சுவையான விவரம். கைஸ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவது; குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார்; கடலில் குதிரை செத்தாலும் அதன் விலையைப் பாண்டியன் கஜானா கொடுத்துவிட வேண்டியது. இப்படி ஓர் ஒப்பந்தமாம்! கயிறு மாறுவதற்கு முன்பே நஷ்டம் வாங்குபவன் தலையில். வாரண்டியைத் தலைகீழாக நிறுத்திய ஒப்பந்தம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ரோமாபுரிக்காரர்கள் நம்மைவிடச் சந்தேகக்காரர்கள். அங்கே சந்தையை மேற்பார்வை பார்த்த அதிகாரிகள் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார்கள். அடிமைகளையோ (அந்தக் காலத்துப் பாவம் அது) மாடு குதிரைகளையோ விற்பவன் அவற்றின் நோயையும் குற்றத்தையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாத குறை பிறகு தெரியவந்தால் ஆறு மாதத்துக்குள் சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்குள் விலையைக் குறைக்கச் சொல்லி வழக்காடலாம். வீடு விற்பவன் விஷயத்திலும் இதே கேள்வி எழுந்தது. கி. மு. 44இல் ஸிஸரோ தம் மகனுக்கு எழுதிய நூலில் இரண்டு தத்துவ ஞானிகளை மோதவிடுகிறார். ஒருவன் தன் வீட்டை விற்கிறான். படுக்கையறைகளில் எல்லாம் பாம்பு நடமாட்டம். அது அவனுக்கு மட்டுந்தான் தெரியும். அவன் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? "வேண்டாம், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு" என்பது டயோஜனிஸ் கட்சி. "சொல்லத்தான் வேண்டும்" என்பது ஆன்டிபேட்டர் கட்சி. ஸிஸரோ இரண்டாவது கட்சியில் சேர்ந்துகொள்கிறார். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் உலகம் பெரும்பாலும் டயோஜனிஸ் பக்கமே நடந்து வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் அது சட்டமாகவே உறைந்தது. 1603இல் தீர்ப்பான வழக்கு ஒன்று. ஒரு பொற்கொல்லர், ஆட்டு வயிற்றில் விளைவதும் நஞ்சை முறிப்பதும் ஆன பெசோவார் கல் என்று சொல்லி (நம் கோரோசனைக்கு ஒன்றுவிட்ட உறவு) ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். அது வெறுங்கல். வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதிகளில் ஒருவர் தவிர மற்றவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இது பெசோவார் கல்" என்று விற்பவர் சொன்னது வெறும் பேச்சு; "இதற்கு நான் உத்தரவாதம்" என்று அவர் சொல்லவில்லையே! ஆகையால் வழக்கு நிற்காது. அன்று முதல் அந்த ஒரு சொல்லுக்கு விலை ஏற்பட்டுவிட்டது. உத்தரவாதம் என்பது விற்பவன் உண்மை பேசுவதன் அடையாளமாக இல்லாமல், தனியே கேட்டு வாங்க வேண்டிய ஒரு சரக்காக மாறிற்று. என் மருமகனுக்கு உள்ளறையில் நீட்டப்பட்ட காகிதத்தின் பாட்டன் அந்தப் பெசோவார் கல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி மோட்டார் யுகத்துக்கு வருவோம். என் மருமகன் குடியிருக்கும் அதே நியூ ஜெர்சியில், 1955ஆம் வருஷம் மே மாதம் ஒருவர் தம் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு புத்தம்புதிய பிளிமத் கார் வாங்கினார். மே 9ஆம் தேதி வண்டி வீட்டுக்கு வந்தது. பத்தாவது நாள் அந்த அம்மாள் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கையில் அடியில் ஏதோ முறிந்தது போல் சத்தம் கேட்டது. கையிலிருந்த சக்கரம் தானாகச் சுழன்றது. வண்டி வலப்புறம் திரும்பிச் செங்கல் சுவரில் மோதிற்று. அப்போது வண்டி ஓடியிருந்தது 468 மைல்! உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: 90 நாள் அல்லது 4,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை, பழுதான உறுப்பை மாற்றித் தருவோம், வேறு எந்தப் பொறுப்பும் எங்களுக்கு இல்லை. காயம்பட்ட மனைவிக்கு அந்தப் பத்திரத்தில் இடமே இல்லை.

வேறு கம்பெனியிடம் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதிலும் பயன் இல்லை. கார்த் தயாரிப்பாளர்களின் சங்கம் எழுதிவைத்திருந்த ஒரே வாசகந்தான் எல்லாப் பெரிய கம்பெனிகளுக்கும். 1958இல் அந்த நாட்டில் தயாரான கார்களில் நூற்றுக்கு 93.5 அந்தச் சங்கத்தாருடையவை. ராஜ்யத்தின் மேல் நீதிமன்றம், பேரம் பேச வழியே இல்லாதவனிடம் திணித்த அத்தகைய நிபந்தனை செல்லாது என்று தள்ளியது. ஹென்னிங்ஸன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். தீர்ப்பு நாள் 1960, மே 9. வண்டி வீட்டுக்கு வந்து சரியாக ஐந்து வருஷம். இதை நான் ஒரு நாவலில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

அதன் பிறகு கம்பெனிகளுக்குள் தாராள மனப்பான்மையில் ஒரு போட்டி கிளம்பிற்று. மூன்று மாதம் பன்னிரண்டு மாதமாயிற்று. கிரைஸ்லர் கம்பெனி 1963ஆம் வருஷத்து மாடல்களின் எஞ்சினுக்கும் கியருக்கும் ஐந்து வருஷம் அல்லது 50,000 மைல் என்று அறிவித்தது. ஆனால் புதுக் காருக்குத்தான் இந்த உபசாரமெல்லாம். இரண்டாவது கைக்கு வரும் கார் பழைய கயிற்றோடுதான் வந்தது.

அந்தப் பழைய காரை வைத்துத்தான் ஓர் இளம் பொருளாதார ஆசிரியர் உலகப் புகழ் பெற்றார். ஜார்ஜ் அகர்லாப் என்பது அவர் பெயர். மோசமான காருக்கு அமெரிக்கக் கொச்சையில் எலுமிச்சம்பழம் என்று பெயர். எது எலுமிச்சை என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காருக்கும் நடுத்தர விலையே சொல்லுவான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கு மனம் வரும்? நல்ல கார்கள் சந்தையை விட்டுப் போக, எலுமிச்சைகளே மிஞ்சும். இவ்வளவுதான் விஷயம். இதை அற்பம் என்று இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின; மூன்றாவது பத்திரிகை, இது சரியென்றால் பொருளாதார சாஸ்திரமே வேறாகிவிடும் என்று திருப்பிற்று. (கதை திரும்பி வந்த எழுத்தாளர்கள் கவனிக்க.) நாலாவது பத்திரிகை 1970இல் வெளியிட்டது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அகர்லாப் 1967-68இல் டில்லியில் இந்தியப் புள்ளிவிவர நிறுவனத்தில் ஒரு வருஷம் இருந்தவர். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவது அந்தக் கட்டுரையில் வருகிறது. அரிசியின் நிறத்திலேயே, அரிசியின் வடிவத்திலேயே கல்லைத் தேடிக் கலக்கிறார்கள் என்பதை அவர் குறித்திருக்கிறார். நம் பாட்டிமார் அறுபது வருஷம் பொறுக்கிய கல் ஒரு நோபல் பரிசுக் கட்டுரைக்குள் போய்விட்டதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். இந்த நோய்க்கு அவர் சொன்ன மருந்துகளில் ஒன்றுதான் உத்தரவாதம். சரக்கைப் பற்றித் தெரிந்தவன் நஷ்டத்தையும் ஏற்றுக்கொண்டால், தெரியாதவன் தைரியமாக வாங்கலாம் அல்லவா?

ஆனால் அதைவிட நேரான மருந்து ஒன்று உண்டு. தெரிந்தவனைப் பேச வைத்தால் என்ன?

அமெரிக்க சர்க்கார் அதைச் செய்து பார்த்தது. 1975 ஜனவரியில் வாரண்டிச் சட்டம் ஒன்று வந்தது. இயற்றியவர்களின் பெயரால் மாக்னஸன்-மாஸ் சட்டம் என்பார்கள். பழைய கார் விற்பனைக்கும் விதிகள் வகுக்கும்படி அந்தச் சட்டம் வர்த்தகக் கமிஷனுக்கு உத்தரவிட்டது. கமிஷன் ஆறு வருஷம் விசாரித்து, 1981இல் ஒரு விதி செய்தது. விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு பழைய கார்க் கண்ணாடியிலும் ஓர் அட்டை ஒட்ட வேண்டும். வாரண்டி உண்டா, இல்லையா என்று அதில் இருக்க வேண்டும். முக்கியமாக, அந்தக் காரில் விற்பவருக்குத் தெரிந்த பெரிய பழுது எதுவோ அதையும் எழுத வேண்டும். தெரியாததைத் தேடிக் கண்டுபிடி என்றுகூடச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல் என்றார்கள், அவ்வளவுதான்.

வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். தேர்தல் நிதிக்கு அவர்கள் அள்ளிக் கொடுத்திருந்தது பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. கமிஷனின் விதியைச் சட்டசபை இரண்டும் சேர்ந்து ரத்து செய்யலாம் என்று ஓர் அதிகாரம் அப்போது இருந்தது. 1982 மே மாதம் செனட் 69க்கு 27 என்றும், கீழ்ச்சபை 286க்கு 133 என்றும் வாக்களித்து விதியைத் தூக்கி எறிந்தன. படுக்கையறைப் பாம்பு பத்திரமாயிற்று.

இந்த இடத்தில்தான் நம்மவர் ஒருவர் நுழைகிறார். ஜக்தீஷ் ராய் சட்டா. கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கையிலிருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 1966இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவருக்கு 1972இல் அனுமதி முடிந்தது. திரும்பிப் போக ஒரு நாடு அவரை லேசில் ஏற்பதாக இல்லை. இருக்கலாம் என்று குடியேற்ற நீதிபதி இரக்கம் காட்டினார். 1975இல் கீழ்ச்சபை, விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், அந்த இரக்கத்தை ரத்து செய்தது. சட்டா விடவில்லை. 1983 ஜூன் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சட்டசபைக்கு இப்படி ரத்து செய்யும் அதிகாரமே கிடையாது என்று தீர்ப்பளித்தது. இரண்டே வாரத்தில், அதே நியாயத்தின்படி, பழைய கார் விதியை ரத்து செய்ததும் செல்லாது என்று ஆயிற்று. ஊர் திரும்ப வழியில்லாமல் நின்ற மாணவர் ஒருவர், தமக்குத் தெரியாமலே, கோடிக்கணக்கான பழைய கார்க்காரர்களுக்கு வழக்காடியிருக்கிறார்!

இத்துடன் கதையை முடித்திருந்தால் சுபமாக இருந்திருக்கும். ஆனால் பிழைத்து வந்த விதியைக் கமிஷனே மறுபடியும் மேஜையில் போட்டது. 1984இல் தெரிந்த பழுதைச் சொல்ல வேண்டும் என்ற வாசகத்தைத் தானே அடித்துவிட்டது. மிச்சம் அமலுக்கு வந்த நாள் 1985, மே 9. மறுபடியும் மே 9! இன்றுவரை அந்த அட்டை ஒட்டப்பட்டு வருகிறது. வாரண்டி உண்டு, அல்லது உள்ளது உள்ளபடி என்று முன்பக்கம் சொல்லும். பின்பக்கத்தில் பழைய கார்களுக்குப் பொதுவாக வரக்கூடிய பழுதுகளின் ஜாபிதா அச்சிட்டிருக்கும். உலகத்துக் கார்களுக்கெல்லாம் என்னென்ன நோய் வரலாம் என்பது அதில் இருக்கும். இந்தக் காருக்கு இருப்பதாக இந்த வியாபாரிக்குத் தெரிந்த நோய் மட்டும் இருக்காது.

உள்ளறையில் விற்கும் காகிதம் இந்த மௌனத்தின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். விற்பவர் சொல்லாமல் விட்டதற்கு வாங்குபவர் தனியாக விலை கொடுக்கிறார். சட்டப்படி அது வாரண்டியும் அல்ல. வாரண்டி என்றால் விலைக்குள் அடக்கம். தனிப் பணம் கட்டினால் அது சர்வீஸ் ஒப்பந்தம். கார் விற்றவரே தம் பொறுப்பில் அப்படி எழுதித் தருவதானால் 1975ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு நன்மை உண்டு. உள்ளது உள்ளபடி என்று அட்டையில் போட்டுவிட்டு அவர் பிறகு கையை விரிக்க முடியாது. விற்ற பொருள் தன் வேலைக்கு உதவ வேண்டும் என்ற எழுதாத உத்தரவாதம் கூடவே வந்துவிடும். வேறு எங்கோ இருக்கும் கம்பெனியின் காகிதத்தை அவர் விற்றுக் கொடுக்கிறார் என்றால் அந்த நன்மை கிடைக்காது. அந்தக் கம்பெனி நாளைக்கு இருக்குமா என்பது வேறு கேள்வி. 2003இல் நெப்ராஸ்காவில் அலுவலகமும் கேமன் தீவுகளில் பதிவும் வைத்திருந்த நேஷனல் வாரண்டி என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி திவாலாயிற்று. ஏராளமான பேர்கள் வெறுங்காகிதத்துடன் நின்றார்கள். 2010இல் மிஸௌரியில் யு.எஸ். ஃபிடெலிஸ் என்ற கம்பெனி கவிழ்ந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு விற்றிருந்தது அது. அதை நடத்திய சகோதரர்கள் 2012இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். காகிதம் நல்லதாகவே இருந்தாலும் கணக்கு எப்படி இருக்கிறது? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை தன் வாசகர்களைக் கேட்டு 2014இல் வெளியிட்டது: வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தவில்லை.

மறுநாள் விடியற்காலை மருமகன் கூப்பிட்டபோது குதிரையில் ஆரம்பித்தேன். "மாமா, டெலிபோன் கட்டணம் இல்லைதான், ஆனால் காலையில் எனக்கு ஆபீஸ் இருக்கிறது" என்றான். சுருக்கினேன். அந்தக் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் பணம் கொடுக்கப் போகிற கம்பெனி எது, அதற்குப் பின்னால் நிற்கும் இன்ஷூரன்ஸ் எது என்று பார்க்கச் சொன்னேன். எது எது சேராது என்ற பட்டியலை முதலில் படிக்கச் சொன்னேன். இன்னொரு விஷயம் அவனுக்கே தெரியாமல் இருந்தது. நியூ ஜெர்சியில் பழைய கார்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு உட்பட்டு, 24,000 மைலுக்கு மேல் 60,000 மைல்வரை ஓடிய வண்டிக்கு, 60 நாள் அல்லது 2,000 மைல் உத்தரவாதத்தை வியாபாரி சும்மாவே கொடுத்தாக வேண்டும். இதை உள்ளறைக்காரர் சொல்லவில்லையாம். ஏன் சொல்லப் போகிறார்?

"அப்புறம் அந்த மனுஷரிடம் ஒன்று கேள். இந்தக் காரில் உங்களுக்குத் தெரிந்த குறை என்ன என்று நேராகக் கேள்" என்றேன்.

கேட்டிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினாராம். "எல்லாம் அதில் இருக்கிறதே!"

அந்த அட்டையிலேயே, வாங்குமுன் உன் மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்கலாமா என்று கேள் என்று ஒரு வரி உண்டு. அதைச் சுட்டிக்காட்டி, வண்டியை வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். 150 டாலர் செலவு. அடியில் எண்ணெய்க் கசிவு ஒன்று இருந்தது. வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே அதைச் சரிசெய்து கொடுத்தார். காகிதத்தை வாங்கவில்லை, 2,400 டாலரைப் பாங்கியில் தனியாகப் போட்டு வைத்தான்.

மாசி மாதக் கடைசியில் அறுபது நாள் கெடு முடிந்தது. அதற்கு மறுநாள் விடியற்காலை டெலிபோன் மணி அடித்தது. கொஞ்சம் பயந்துகொண்டேதான் எடுத்தேன். குழந்தைக்குக் கீழ்வரிசையில் முதல் பல் தெரிகிறதாம்.